பெடலை வாங்கும் முன் மிக்ஸரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிதார் பழகும் பிள்ளைகளுக்காக உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்திருந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல முயற்சி. ஆனால் மெட்டல் இசையின் தடித்து உடைந்த கிதார் சத்தம் வேண்டுமென்றால் கண்ணாடிக் குழாய் வைத்த வால்வு ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) தான், காலால் மிதித்து சத்தத்தை மாற்றும் பெடல் எல்லாம் பொம்மை என்கிற தொனியில் முடித்திருந்தது உறுத்தியது. திண்டுக்கல் பக்கம் கோயில் திருவிழாக்களிலும் கல்யாண வரவேற்புகளிலும் மெல்லிசைக் குழுவுக்கு கிதார் வாசிக்கிறவன் நான். மீசா பூகியின் டூயல் ரெக்டிஃபயர் மாதிரி ஓர் ஆம்ப் இங்கே லட்சங்களில் விலை. சரி, கடன் வாங்கியாவது வாங்கினோம் என்றே வைத்துக்கொள்வோம். 100 வாட் வால்வு ஆம்பை அது பாட வேண்டிய அளவுக்குத் திறந்தால், மானிட்டரில் தன் குரல் கேட்கவில்லை என்று பாடகி முதல் பாட்டிலேயே கோபித்துக்கொள்வார்.

பெடலில் அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் போக முடியும். எந்தப் பெடல், அதை எதில் செருகுகிறோம் என்பதுதான் கேள்வி.

ஹை-கெய்ன் ஆம்பில், அதாவது மிக அதிகமாகப் பெருக்கும் ஆம்பில், சிக்னல் ஒரே அடியில் உடைவதில்லை. 12ஏஎக்ஸ்7 வால்வுகளில் ஒரு கட்டம் பெருக்கி, கொஞ்சம் நசுக்கி, அடி ஒலியில் கொஞ்சத்தை வடித்துவிட்டு அடுத்த கட்டத்துக்குத் தரும். அது மறுபடி பெருக்கி நசுக்கும். 1992-இல் வந்த பீவி 5150 இப்படித்தான். அத்தனை கெய்ன் இருந்தும் பாம் மியூட் (உள்ளங்கை ஓரத்தைத் தந்தியில் வைத்தபடி அடிப்பது) ஒவ்வொன்றும் தனித்தனியாக விழுவதற்குக் காரணம் இந்த வடிகட்டல்தான். 1978-இல் வந்த பாஸ் (Boss) நிறுவனத்தின் டிஎஸ்-1 போன்ற பழைய பெடல்களில், இரண்டு டயோடுகள் அலையின் மேலையும் கீழையும் ஓரிடத்தில் வெட்டிவிடும். அதுவும் நல்ல சத்தம்தான், ஆனால் வேறு சத்தம். ஆம்பின் அடுக்கையே பெடலுக்குள் கொண்டுவரப் பார்த்தவை தனி வகை: எம்எக்ஸ்ஆரின் 5150 ஓவர்டிரைவ், ஃப்ரீட்மேனின் பிஇ-ஓடி, ரெவ் ஜி3. மூன்றுமே உண்மையான ஓர் ஆம்பை முன்னால் வைத்துக்கொண்டு உருவானவை.

இனிதான் கட்டுரை தொடாத இடம். நம் மேடைகளில் கிதாருக்கென்று தனி ஸ்பீக்கர் கிடையாது. கிதார் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றதாக மாற்றும் டிஐ பாக்ஸ் வழியாக நேராக மிக்ஸருக்குப் போகிறோம். கிதார் ஆம்பின் 12 அங்குல ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக அடங்கிவிடும். டிஸ்டார்ஷன், அதாவது சத்தம் உடைவது, உண்டாக்கும் கரகரப்பில் பெரும்பகுதி அதற்கு மேலேதான் உட்கார்ந்திருக்கிறது. சவுண்டு சர்வீஸ்காரர் வைக்கும் பெட்டியில் உயர்ந்த ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர், ட்வீட்டர், இருப்பதால் அந்தக் கரகரப்பை ஒன்று விடாமல் கூட்டத்துக்கு ஊட்டிவிடும். என் அக்கா மகன் கல்லூரிக் கல்சுரல்ஸில் அப்படித்தான் வாசித்துவிட்டு வந்து, "மாமா, டப்பாவுக்குள்ள குளவி அடைச்ச மாதிரி கேக்குது, பெடலை வித்துடவா?" என்றான். விற்க வேண்டாம், பின்னால் ஒரு கேப் சிமுலேட்டர் போடு என்றேன். ஸ்பீக்கர் பெட்டியும் மைக்கும் சேர்ந்து செய்யும் வேலையை அது செய்துவிடும். அதே பெடல்தான், இப்போது பையன் தரையில் நிற்பதில்லை. இது புதுச் சரக்கும் அல்ல. டெக் 21 நிறுவனத்தின் சான்ஸ்ஆம்ப் 1989-லேயே நேராக மிக்ஸருக்கும் ரெக்கார்டிங்குக்கும் போவதற்கென்று வந்துவிட்டது.

பாஸ் மெட்டல் ஸோனை எல்லோரும் கேலி செய்வார்கள். 1991-இலிருந்து வாங்கிக் கட்டிக்கொள்ளும் பெடல் அது. அதன் மிட் (நடு ஒலி) குமிழ் 200 ஹெர்ட்ஸிலிருந்து 5,000 வரை நகரும். அதை நிதானமாகத் திருப்பாமல் மிட்டை மொத்தமாக வெட்டிவிட்டு, கூட்டத்தில் கிதாரே கேட்கவில்லை என்றால் பெடல் என்ன செய்யும்? வீட்டில் தனியாக வாசிக்கும்போது மிட் இல்லாத சத்தம் பிரமாதமாக இருக்கும். கீபோர்டும் டிரம்ஸும் சேர்ந்ததும் காணாமல் போகும். அதே பெடலை ஆம்பின் முன்பக்கம் செருகாமல் பின்னால், ஆம்பின் முதல் பெருக்கிப் பகுதியைத் தாண்டிப் போகும் எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன் துளையில் செருகிப் பாருங்கள், அது தானே அந்த முதல் பகுதியாக, ப்ரீஆம்பாக நின்று வேறு முகம் காட்டும்.

கடைக்குப் போனால் கெய்னைப் பாதியில் வைத்துக் கேளுங்கள். கிதாரின் வால்யூமைக் குறைத்தால் சத்தம் தெளிகிறதா, வெறுமனே சின்னதாகிறதா? தெளிந்தால் ஆம்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. சும்மா இரண்டு சுரம் மட்டும் உள்ள பவர் கார்டு அடித்துப் பார்த்துவிட்டு வராதீர்கள், பவர் கார்டு எதில் வாசித்தாலும் நன்றாகத்தான் இருக்கும். ஒரு முழு மைனர் கார்டு அடியுங்கள்.

அப்புறம், ஆம்ப் மாதிரி இருந்தே ஆக வேண்டும் என்பதும் சட்டமில்லை. 1983-இல் வந்து 1991-இல் நின்றுபோன பாஸ் எச்எம்-2 பெடலின் எல்லாக் குமிழ்களையும் முழுக்கத் திருப்பி வைத்து, ஸ்டாக்ஹோமின் சன்லைட் ஸ்டூடியோவில் என்டூம்ட் போன்ற குழுக்கள் வாசித்தார்கள். எந்த ஆம்பிலும் இல்லாத சத்தம். டெத் மெட்டல் என்கிற கடும் மெட்டல் வகையில் ஸ்வீடன் பாணிக்கே அது அடையாளமாகிவிட, பாஸ் அதை மறுபடி தயாரிக்க வேண்டி வந்தது.

கட்டுரையாளர் அடுத்த பகுதி எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். நேராக மிக்ஸரில் வாசிக்கிறவர்களுக்கும் அதில் இடம் ஒதுக்கச் சொல்லுங்கள். எங்கள் ஊர்ப் பக்கம் நாங்கள்தான் அதிகம்.

இப்படிக்கு,
மெல்லிசைக் குழு கிதார் கலைஞர்,
திண்டுக்கல்

பி.கு.: வீட்டில் கிடக்கும் சிசிடிவி அடாப்டரைப் பெடலில் செருக வேண்டாம். அது பெரும்பாலும் 12 வோல்ட், ப்ளஸ் நடுவில். பெடல்களில் பெரும்பாலானவை 9 வோல்ட், மைனஸ் நடுவில்.