ரோஸ்வுட்னு சொல்லி மாமரப் பெட்டி அனுப்பிட்டு போன் எடுக்காத கம்பெனிக்கு

வாடிக்கையாளர் சேவை மேனேஜர் அவர்களுக்கு (சாட்ல பதில் சொல்ற ரோபோவுக்கு இல்ல, மனுஷங்க யாராவது படிங்க),

வணக்கம். எங்க நாய் மணிக்காக உங்ககிட்ட ஆர்டர் பண்ண அஸ்திப்பெட்டி விஷயமா எழுதுறேன். பில், போட்டோ எல்லாம் இணைச்சிருக்கேன், ஏற்கனவே மெயில்லயும் வாட்ஸ்அப்லயும் அனுப்புனதுதான், ஆனா ஒவ்வொரு தடவையும் புதுசா ஒருத்தர் வந்து "என்ன பிரச்சனை மேடம்"னு முதல்ல இருந்து கேக்குறாங்க, சொல்லி முடிச்சா "டிக்கெட் க்ளோஸ் ஆயிடுச்சு"ன்னு மெசேஜ் வருது. யாரு க்ளோஸ் பண்ணா, எதுக்கு பண்ணா, ஒண்ணும் தெரியல.

முதல்ல அளவு. 25 கிலோ வரைக்கும் உள்ள நாய்க்கு மீடியம் போதும்னு உங்க சைட்ல போட்டிருக்கு. மணி 24 கிலோ. பவுண்டுக்கு ஒரு கன அங்குலம்ங்கிறது நீங்களே குடுத்த கணக்கு, 24 கிலோன்னா 53 பவுண்டு, அப்படின்னா 53 கன அங்குலம் வேணும். நீங்க 6க்கு 5க்கு 4ன்னு அளவு போட்டு 120 கன அங்குலம்னு எழுதியிருந்தீங்க, தாராளமா பத்தும்னு நம்பி வாங்கினேன். அது வெளி அளவுன்னு எங்கயாவது ஒரு வார்த்தை இருக்கா? பலகை முக்கால் இஞ்ச் கனம். எல்லா பக்கமும் கழிச்சா உள்ள நாலரைக்கு மூணரைக்கு ரெண்டரை, 40 கூட தேறல. பெட்டி விக்கிறவங்களுக்கு இந்தக் கணக்கு தெரியாதுன்னு நான் நம்பத் தயாரா இல்ல. அடிப்பலகைய கழட்டி, செவப்புத் துணில கட்டிக் குடுத்த அஸ்திய நானும் என் பையனும் மெதுவா உள்ள வைக்கப் பாத்தோம், பாதி கூட இறங்கல, பையன் எழுந்து ரூமுக்குப் போய் கதவ சாத்திக்கிட்டான்.

இத உங்க கஸ்டமர் கேர்ல சொன்னப்போ அந்தப் பையன் என்ன சொன்னான் தெரியுமா? "உள்ள போற வரைக்கும் போடுங்க மேடம், மீதிய செடிக்குப் போட்டுடுங்க, நல்ல உரம்." இதே வார்த்தை. கால் ரெக்கார்ட் பண்றோம்னு ஆரம்பத்துலயே சொல்றீங்கல்ல, எடுத்துக் கேளுங்க. செடிக்குப் போடவா நான் 6,800 ரூபா குடுத்து பெட்டி வாங்கினேன்? இதுல அவன் சொன்னது தப்பு வேற, எரிச்ச சாம்பல்ல உப்பும் சுண்ணாம்பும் அதிகம், அப்படியே கொட்டினா செடி கருகித்தான் போகும். அன்னிக்கு ராத்திரி நான் தூங்கல. கடல்ல கரைக்கிறதா வீட்ல வைக்கிறதாங்கிறது எங்க குடும்ப விஷயம், அதுல கருத்து சொல்ல உங்க ஆளு யாரு?

அப்புறம் நேர்ல கொண்டு வாங்க, ஒர்க்‌ஷாப்ல உள்ள இழைச்சு பெருசாக்கித் தரோம்னு வேற ஒருத்தர் சொன்னாரு. நான் லீவு போட்டு மேடவாக்கத்துல இருந்து அம்பத்தூர் எஸ்டேட் வரைக்கும், கொளுத்துற வெயில்ல, மடில அஸ்தியும் பெட்டியும் வெச்சுக்கிட்டு பஸ் மாறி மாறி வந்தேன். கேட்ல செக்யூரிட்டி "இங்க ஆசாரின்னு யாரும் கிடையாதும்மா, இது பேக்கிங் பண்ற எடம்"ங்கறாரு. உள்ள எட்டிப் பாத்தேன். ஒரு உளி இல்ல, இழைப்புளி இல்ல, தரையில ஒரு சுருள் மரச்சீவல் கூட இல்ல, கூரை வரைக்கும் அட்டைப்பெட்டிதான் அடுக்கியிருக்கு. அப்போ உங்க சைட்ல ஒரு பெரியவர் உக்காந்து இழைக்கிற மாதிரி போட்டோ போட்டு "ஒவ்வொரு பெட்டியும் உங்கள் செல்லத்துக்காகவே கையால் செய்யப்படுகிறது"ன்னு எழுதியிருக்கே, அது யாரு, எங்க இருக்காரு?

மரத்தப் பத்தி சொல்ல விட்டுப்போச்சு. எங்க தெரு ஆசாரி வந்து அடிப்பலகைய கழட்டி உள் ஓரத்துல, பாலிஷ் படாத இடத்துல நகத்தால சுரண்டுனாரு, வெளிறிப்போன மரம் தெரியுது. "ஈட்டி மரம்னா, அதான் ரோஸ்வுட், கைல எடுத்தாலே கனம் தெரியும்மா, இது மாமரம், கலர் ஏத்தியிருக்கான், மரமும் சரியா காயல"ன்னாரு. மாமரம் தப்புன்னு சொல்லல, அழகான மரம்தான், மாமரம்னே சொல்லி மாமர விலைக்கு வித்திருந்தா நான் ஏன் எழுதப் போறேன்? காயாத மரத்த 45 டிகிரில வெட்டி வெறும் பசை போட்டு ஒட்டியிருக்கீங்க, மரம் சுருங்கச் சுருங்க மூலை வாயப் பொளந்துடுச்சு. பத்து ரூபா நோட்ட மடிச்சு அந்தச் சந்துல சொருகலாம், போட்டோல பாருங்க. சாம்பல் பொடிப்பொடியா இருக்கும், இந்தச் சந்து வழியா அலமாரியெல்லாம் கொட்டும், இதக் கூடவா யோசிக்க மாட்டீங்க?

வருஷமும் தப்பு. 2011 - 2024ன்னு எழுத்துல டைப் பண்ணிக் குடுத்தேன், பெட்டில 2021 - 2024ன்னு பொறிச்சு வந்திருக்கு. பதிமூணு வருஷம் எங்ககூட இருந்தவன்.

ரிட்டர்ன் கேட்டா "பேர் போட்ட கஸ்டமைஸ்டு பொருள், எடுக்க முடியாது"ங்கறீங்க. அளவு பத்தலன்னா "அது ஸ்டாண்டர்டு சைஸ் மேடம்"ங்கறீங்க. ரெண்டுல எது? ஒண்ணச் சொல்லுங்க.

நான் சண்டைக்காரி இல்ல. தயவு செஞ்சு மரியாதையா முடிச்சுக் குடுங்கன்னுதான் கேக்குறேன். ஆனா ஆன்லைன்ல விக்கிறவங்க புகார் வந்த 48 மணி நேரத்துல குறைதீர்ப்பு அதிகாரி மூலமா புகார் கிடைச்சதுன்னு தெரிவிக்கணும், ஒரு மாசத்துக்குள்ள தீர்க்கணும்னு 2020 இ-காமர்ஸ் விதியிலேயே இருக்கு. உங்க சைட்ல அந்த அதிகாரி பேரு கூட காணோம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்றது எனக்குப் பெரிய வேலையில்ல. நான் குடியிருக்கிற ஊர்லயே நுகர்வோர் கமிஷன்ல கேஸ் போடலாம், இந்தத் தொகைக்கு பீஸும் கிடையாது. மன உளைச்சலுக்கு அஞ்சு லட்சம் கேப்பேன், அதுவும் எனக்குக் கம்மிதான். உரம்னு சொன்ன அந்தப் பையனையும் அங்க வந்து அதையே சொல்லச் சொல்லுங்க.

எனக்கு வேண்டியது: 6,800 ரூபா முழுசா திரும்ப வரணும். இல்லாட்டி நிஜமாவே ஒரு ஆசாரி, நல்லா காஞ்ச மரத்துல, உள் அளவு 60 கன அங்குலத்துக்குக் குறையாம, மூலைய பல்லு வெட்டிக் கோத்து, சரியான வருஷம் போட்டு செஞ்சு தரணும். அனுப்புறதுக்கு முன்னாடி உள்ள டேப் வெச்சு போட்டோ எடுத்து அனுப்புங்க. கூப்பன், அடுத்த ஆர்டருக்கு டிஸ்கவுண்ட்டுன்னு எதுவும் வேண்டாம், அடுத்த ஆர்டர்னு ஒண்ண நெனச்சுப் பாக்கவே எனக்குப் பிடிக்கல.

பழைய பெட்டிய எடுக்க ஆள் அனுப்புறதா இருந்தா முந்தின நாளே போன் பண்ணுங்க, காலைல ஒம்பதுக்கு மேல வீட்ல யாரும் இருக்க மாட்டோம். நான் அம்பத்தூருக்கு இனிமே வரமாட்டேன்.

இப்படிக்கு,
மணியோட வீட்டம்மா
மேடவாக்கம், சென்னை