ஆண்டிறுதி விடுமுறை: பெற்றோருக்கு ஒரு கடிதமும் சில புத்தகங்களும்

அன்பார்ந்த பெற்றோர்களே, பாதுகாவலர்களே,

வணக்கம். அடுத்த வெள்ளிக்கிழமையோடு இந்த ஆண்டுப் பாடங்கள் முடிகின்றன. பிள்ளைகள் இப்போதே விடுமுறைக் களையில் இருக்கிறார்கள். ஆசிரியர்களும் அப்படித்தான், வெளியே காட்டிக்கொள்வதில்லை.

ஆண்டு நன்றாகவே போனது. குறுக்கோட்டத்தில் ஓடினோம், திருக்குறள் மனனப் போட்டியில் பரிசு வாங்கினோம், சதுரங்கத்தில் இன்னும் கொஞ்சம் பயிற்சி வேண்டும். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் இடைநிலைப் பள்ளிக்குப் போகத் தயாராகிவிட்டார்கள். கூட்டுப்பணி நாளில் சிற்றுண்டிச்சாலைக்குச் சாயம் பூசிய அப்பாமார்களுக்கும், அன்றைக்கு எல்லாருக்கும் மீகூன் பிரட்டிக் கொண்டுவந்த அம்மாமார்களுக்கும், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினருக்கும் பள்ளியின் நன்றி.

சரி, விடுமுறையில் பிள்ளைக்கு என்ன புத்தகம் கொடுக்கலாம் என்று பலர் கேட்டிருந்தீர்கள். சொல்கிறேன். அதற்கு முன் வேறொன்றைப் பேச வேண்டியிருக்கிறது.

பட்டியல் தயாரிக்க உட்கார்ந்தபோது, இந்த ஆண்டு பிள்ளைகள் எதை விரும்பிப் படித்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத் தொடங்கலாம் என நினைத்தேன். படித்த புத்தகத்தைச் சுருக்கத்தோடு இணையத்தில் பதிகிற மலேசியக் கல்வி அமைச்சின் வாசிப்புத் திட்டம்தான் நீலாம். அந்த நீலாம் பதிவுகளை வள மைய (பள்ளி நூலக) ஆசிரியை எடுத்துக் கொடுத்தார். முதல் பார்வையில் மனம் குளிர்ந்துவிட்டது. எண்ணிக்கை போன ஆண்டைவிட எவ்வளவோ அதிகம். நான்காம் ஆண்டுப் பிள்ளை ஒருவர் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் 14 புத்தகங்களை முடித்திருந்தார். எல்லாம் இரவு 11 மணிக்கு மேல் பதிந்தவை. ஆர்வமுள்ள பிள்ளை போலிருக்கிறது என்று அடுத்த பக்கம் போனேன்.

அங்கே பரமார்த்த குரு உட்கார்ந்திருந்தார். 19 பிள்ளைகள் அவருடைய கதையைப் படித்திருந்தார்கள். நம் வள மையத்தில் அந்தப் புத்தகம் ஒரே பிரதிதான். அதுவும் ஜூன் மாதத்திலிருந்து என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அட்டை பிய்ந்துவிட்டது, ஒட்டித் தருகிறேன் என்று வாங்கி வைத்தவன் நான்தான், இன்றுவரை ஒட்டவில்லை. வீட்டில் சொந்தப் பிரதி இருக்கலாம், இணையத்தில் படித்திருக்கலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு சுருக்கங்களைப் படித்தேன். 19 சுருக்கமும் ஒரே சுருக்கம். பூசணிக்காயைப் பார்த்து ஏமாந்து சீடர்கள் வாங்கி வந்த குதிரை முட்டை, 19 இடத்திலும் ‘குதிரை மூட்டை’ ஆகியிருந்தது. 19 பேரும் கற்றுக்கொண்ட நன்னெறி, ‘பெரியோரை மதிக்க வேண்டும்’. கதையைப் படித்தவர்களுக்குத் தெரியும், அந்தக் குருவை மதித்து மதித்துத்தான் ஐந்து சீடர்களும் குட்டிச்சுவர் ஆனார்கள்.

மறுநாள் ஓய்வு நேரத்தில், அந்த 19 பேரில் ஒருவனைப் பார்த்து, பூசணிக்காய் உடைந்ததும் உள்ளேயிருந்து என்ன ஓடியது என்று கேட்டேன். “எந்தப் பூசணிக்காய் சார்?” என்றான். இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பி வந்து, “அது அம்மா படிச்சது சார்” என்றான். உண்மையைச் சொன்ன பிள்ளைமேல் எனக்குக் கோபம் எப்படி வரும்? அவன் யாரென்று தயவுசெய்து யூகிக்க வேண்டாம். அவனுடைய அம்மாவும் படித்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) வந்ததை வெட்டி ஒட்டியிருப்பார்.

அதே கதையில், ஆற்றைக் கடந்து கரையேறியதும் எல்லாரும் வந்துவிட்டோமா என்று எண்ணுவார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவான். ஒருவர் குறைவார். ஆறு விழுங்கிவிட்டதென்று ஒப்பாரி வைப்பார்கள். நம் கணக்கு அதற்கு நேர்மாறு. புத்தகங்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன, படித்த ஆளைத்தான் காணோம்.

உங்கள் நிலைமை எனக்குத் தெரியாமல் இல்லை. செம்பனை ஆலையில் இரண்டாவது ஷிப்ட் முடித்து வருகிறீர்கள். சிலர் சிங்கப்பூரில் வேலை செய்து மாதம் ஒருமுறை வீடு திரும்புகிறீர்கள். பிள்ளைகளைத் தாத்தா பாட்டி பார்த்துக்கொள்கிறார்கள். இரவு 11 மணிக்கு, ‘உங்கள் பிள்ளை இந்த மாதம் இன்னும் ஒரு புத்தகமும் பதியவில்லை’ என்று ஒரு செய்தி வந்தால் களைத்துப்போன மனிதர் என்ன செய்வார்? அந்தச் செய்தியை அனுப்பியது நாங்கள். வகுப்புக்கு வகுப்பு நட்சத்திரப் பட்டியல் ஒட்டி, யார் முதலிடம் என்று காட்டியதும் நாங்கள். இதில் பள்ளிக்குப் பங்கில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பட்டியலைப் போன திங்கட்கிழமை சுவரிலிருந்து கழற்றிவிட்டேன். சுவரில் பசைக்கறை இருக்கிறது, அடுத்த கூட்டுப்பணியில் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒன்றைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். பிள்ளை படிக்காத புத்தகத்தைப் படித்ததாக எழுதுவது பொய். அந்தப் பொய்யைப் பிள்ளையின் பெயரில், பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுதுகிறோம். தேர்வில் பக்கத்து மேசையைப் பார்த்து எழுதினால் நான் கூப்பிட்டுக் கண்டிக்கிறேன். அந்தப் பிள்ளை என்னைத் திருப்பிக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அதனால், புலனக் குழுக்களில் ஆயத்தச் சுருக்கங்களைப் பகிர்வதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். பிள்ளையின் கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு நீங்கள் பதிவதும் வேண்டாம். இனி எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பள்ளி எந்தப் பரிசும் நற்சான்றிதழும் தராது. இதை முதலில் தொடங்கியது யார் என்று நான் தேடப்போவதில்லை. அடுத்த ஆண்டு மறுபடி நடந்தால் தேடுவேன்.

ஜனவரியிலிருந்து பிள்ளைகள் படித்த கதையை வகுப்பில் வாயால் சொல்வார்கள். ஐந்து நிமிடம் போதும். தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை, பாதியில் மறந்தாலும் பரவாயில்லை, ‘இந்தக் கதை எனக்குப் பிடிக்கவில்லை’ என்றால் அது இன்னும் நல்லது. பதிவுகளைக் கணினி வகுப்பில் ஆசிரியர் முன்னிலையில் அவர்களே செய்துகொள்வார்கள். உங்கள் தலையில் ஒரு வேலை குறைகிறது.

உங்களில் சிலர் மலாய்ப் பள்ளியில் படித்தவர்கள், தமிழ் பேசுவீர்கள், வாசிப்பது சிரமம். அதனால் உதவ முடியவில்லை என்று கூச்சப்படாதீர்கள். பிள்ளை வாசிக்கட்டும், நீங்கள் காது கொடுங்கள், அதுவே பெரிய உதவி. ஒருவேளை இந்தக் கடிதத்தையே உங்கள் பிள்ளைதான் வாசித்துக் காட்டிக்கொண்டிருக்கலாம். அப்படியென்றால், தம்பி, தங்கச்சி, மேலே கடுமையாக எழுதியிருக்கும் பத்தியையும் விடாமல் வாசி.

இனி புத்தகங்கள். முதலில் பரமார்த்த குருவையே சொல்கிறேன், அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். எழுதியவர் வீரமாமுனிவர். 1680இல் இத்தாலியில் பிறந்த பாதிரியார். தமிழ்நாட்டுக்கு வந்து தமிழ் கற்று, 1732இல் சதுரகராதி தொகுத்தார். அகராதி செய்த அதே கைதான் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்களைப் படைத்து, அவர்களில் ஒருவனைக் கொள்ளிக்கட்டையோடு ஆற்றங்கரைக்கு அனுப்பி, ஆறு தூங்குகிறதா என்று தொட்டுப் பார்க்க வைத்தது. இரண்டாம் ஆண்டிலிருந்து எல்லாரும் படிக்கலாம். சத்தம் போட்டுப் படிக்க வேண்டிய புத்தகம், வீட்டில் சிரிப்பு வரும்.

சின்னப் பிள்ளைகளுக்கு அழ. வள்ளியப்பாவின் பாடல்களைக் கொடுங்கள். படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்றுகூட இல்லை, பாடினால் போதும், எழுத்து தானாகக் கண்ணில் பதியும். தெனாலிராமன் கதையும் பஞ்சதந்திரமும் எல்லாக் கடையிலும் கிடைக்கும், அவற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

நான்காம் ஆண்டுக்கு மேல் என்றால் என் முதல் தேர்வு ‘டோட்டோ-சான்’. டெட்சுகோ குரோயாநாகி என்ற ஜப்பானியப் பெண்மணி தம் பள்ளி நாள்களைப் பற்றி எழுதி 1981இல் வந்தது, தமிழிலும் இருக்கிறது. பாடம் நடக்கும்போது ஜன்னலோரம் நின்று தெருவில் போகும் வாத்தியக்காரர்களைக் கூப்பிடுகிற சிறுமி. முதல் வகுப்பிலேயே பள்ளியை விட்டு அனுப்பிவிடுகிறார்கள். புதுப் பள்ளியில் பழைய ரயில் பெட்டிகள்தான் வகுப்பறை. அங்குள்ள தலைமையாசிரியர் கொபாயாஷி முதல் நாள் அவளை எதிரே உட்கார வைத்து, உன்னைப் பற்றி எல்லாவற்றையும் சொல் என்கிறார். அவள் சொல்லச் சொல்ல, கொட்டாவி விடாமல், கடிகாரத்தைப் பார்க்காமல் 4 மணி நேரம் கேட்கிறார். இந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கும். என் அறை வாசலில் நிற்கும் பிள்ளைக்கு நான் 4 நிமிடம் கொடுப்பதே அபூர்வம், அதிலும் தொலைபேசி அடிக்கும். அந்தப் பள்ளி 1945இல் போர்க்குண்டில் எரிந்துபோனது. கடைசி அத்தியாயத்தில் பிள்ளை அழுதால் பயப்படாதீர்கள்.

ஆறாம் ஆண்டு முடிக்கிற பிள்ளைகளுக்கு லாட் வரைந்து எழுதிய ‘கம்போங் பாய்’. 1979இல் வந்தது, மலாயிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் மலாய்ப் புத்தகத்தைச் சொல்கிறாரே என்று புருவம் உயர்த்த வேண்டாம். லாட் நம் பேராக் மாநிலத்துக்காரர், அந்தப் படங்களில் இருக்கும் ஈயக்கப்பலை (ஈயம் தோண்டும் மிதவை இயந்திரத்தை) உங்கள் வீட்டுத் தாத்தாக்கள் பார்த்த உடனே அடையாளம் சொல்வார்கள். கம்பத்தில் (மலாய்க் கிராமத்தில்) ஓடித் திரிந்த பையன் கடைசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஈப்போவுக்குப் படிக்கப் போகிறான். தோட்டத்தை விட்டுப் பட்டணத்து இடைநிலைப் பள்ளிக்குப் போகப்போகிற நம் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான புத்தகம் எனக்குத் தெரியவில்லை. புது வகுப்பில் பேச மலாயும் கொஞ்சம் கைவரும்.

காமிக்ஸ் படிக்கலாமா என்று கேட்டால், தாராளமாக. நான் முதன்முதலில் முழுசாகப் படித்து முடித்த புத்தகம் இரும்புக்கை மாயாவிதான். முடிவெட்டும் கடையில், என் முறை வந்தும் இன்னும் இரண்டு பக்கம் என்று கெஞ்சி, பின்னால் நின்றவரை முதலில் உட்காரச் சொன்னவன் நான். அதை நீலாமில் பதிய அப்போது வசதி இல்லை.

பெற்றோருக்கும் ஒன்று. ஆர். சண்முகம் எழுதிய ‘சயாம் மரண ரயில்’ நாவல். 1942, 1943இல் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பாதவர்கள் ஏராளம். நம் வட்டாரத்தில் பழைய குடும்பங்களைக் கேட்டால், ‘சயாமுக்குப் போனவர் வரவே இல்லை’ என்று யாரையாவது சொல்வார்கள். நாவல் பிள்ளைகளுக்குக் கனமானது, நீங்கள் படியுங்கள். படித்துவிட்டு, வீட்டில் வயதானவர்கள் இருந்தால் பிள்ளையை அவர்கள் பக்கத்தில் உட்கார வைத்து மெதுவாகக் கேளுங்கள். அப்படிக் கேட்ட கதையை ஜனவரியில் வகுப்பில் சொன்னாலும் நாங்கள் வாசிப்பாகவே எடுத்துக்கொள்வோம். இது என் சொந்த விதி, மேலிடத்து விதி அல்ல.

விடுமுறையில் செவ்வாய், வியாழன் இரு நாளும் காலை 9 முதல் 12 வரை வள மையம் திறந்திருக்கும். ஒரு பிள்ளைக்கு 3 புத்தகம். பாடநூல்களைத் திருப்பிக் கொடுக்கும்போது உறை போட்டு, எண்ணி, வரிசையாகத் தருகிறீர்கள், கதைப் புத்தகங்களையும் அப்படியே தந்தால் சந்தோஷம். கிழிந்தால் மறைக்க வேண்டாம், கொண்டுவாருங்கள், ஒட்டலாம். என் வேகம் உங்களுக்குத் தெரிந்துவிட்டதால் இனி வள மைய ஆசிரியையிடமே கொடுத்துவிடுங்கள்.

கடிதத்தில் எங்காவது மனம் நோகும்படி எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை பின்தங்கிவிடக் கூடாது என்ற பதற்றத்தில்தான் அந்த இரவுப் பதிவுகள் நடந்தன என்பது எனக்குத் தெரியும். அக்கறையில்லாத வீட்டிலிருந்து ஒரு பதிவுகூட வந்திருக்காது. இந்த ஆண்டு முழுவதும், மழையிலும் வெள்ளத்திலும், சம்பளம் தாமதமான மாதங்களிலும் பிள்ளைகளை விடாமல் பள்ளிக்கு அனுப்பினீர்கள். அதற்கு மனமார்ந்த நன்றி.

விடுமுறையை மகிழ்ச்சியாகக் கழியுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பி.கு.: பரமார்த்த குருவை நேற்று மாலை ஒட்டிவிட்டேன். ஒரே பிரதிதான், முதல் செவ்வாய்க்கிழமை காலை 9 மணிக்கு யார் முதலில் வருகிறார்களோ அவர்களுக்கு.