அணைத்த வானொலிக்காக ஒரு கடிதம்

அன்புத் தம்பி,

நிலவறையில் இத்தனை ஆண்டுகள் கிடந்த உன் கிதாரை உனக்கே அனுப்பிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். கனடிய அறிவிப்பாளர் சூக்-யின் லீயின் வானொலி நிகழ்ச்சி 2016-இல் நின்றபோதே இதைச் செய்திருக்க வேண்டும்.

அவர் யாரென்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வான்கூவரில் 'பாப்ஸ் யுவர் அங்கிள்' இசைக்குழுவில் பாடியவர் என்றும், மச்மியூசிக் இசைத் தொலைக்காட்சியை விட்டு வந்தவர் என்றும் எனக்குச் சொன்னவனே நீதான். என் நினைவில் நிற்பது 2003-இன் ஒரு சனிக்கிழமைப் பிற்பகல். டொராண்டோவில் நம் வீட்டு வாசலில் கார் நின்றது. பின்னால் பால் பைகளும் அரிசி மூட்டையும் இருந்தன. கனடாவின் பொது ஒலிபரப்பு நிறுவனமான சிபிசியின் வானொலியில் அவர் பேசிக்கொண்டிருந்தார். "முடியட்டும் அக்கா" என்றாய். நான் கையை நீட்டி வானொலியை அணைத்தேன்.

வெளிப்படையான பாலியல் காட்சிகள் கொண்ட 'ஷார்ட்பஸ்' படத்தில் நடிக்க ஒப்புக்கொண்டதற்காக அவரைச் சிபிசி நீக்கப் பார்த்த நாட்கள் அவை. அந்தப் படத்தைப் பற்றி இங்கே விரிவாக எழுத மாட்டேன். நம் பெரியவர்களும் இதைப் படிப்பார்கள். "ஒரு வேலையில் நிலைக்காதவர்களுக்கு இதுதான் கதி" என்று நான் சொன்னது அவரைப் பற்றியன்று, படிப்பை விட்டுவிட்டுப் பாடப் போகிறேன் என்று அன்று காலையில் சொன்ன உன்னைப் பற்றி. திரைப்பட இயக்குநர் கொப்போலாவும் கலைஞர் யோகோ ஓனோவும் அவருக்காகக் குரல் கொடுத்தார்கள், நிறுவனம் இறங்கி வந்தது. உனக்காகப் பேச வீட்டில் ஒருவருமில்லை. மன்னித்துவிடு. ஆனால் அந்த மாதம் வீட்டு வாடகையை நான் ஒருத்திதான் கட்டினேன் என்பதையும் நீ நினைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவர் துறை மாறியதை மட்டும்தான் நீ எடுத்துக்கொண்டாய். 2002 முதல் 14 ஆண்டுகள் அதே நிகழ்ச்சியை அவர் நடத்தியதை எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு சொல்லும் இல்லாமல் போய், எட்டு மாதம் அம்மாவுக்குத் தொலைபேசியில்கூடப் பேசாமல் இருந்தாயே, அதை எந்தக் கலையின் கணக்கில் எழுதுவது?

கனடிய அரசியல் தலைவர் ஜாக் லேட்டனைப் பற்றிய தொலைக்காட்சிப் படத்தில் லேட்டனின் மனைவி ஒலிவியா சௌவாக அவர் நடித்ததை, அதற்கு 2014-இல் கனடியத் திரை விருது கிடைத்த பிறகு, தனியாக உட்கார்ந்து பார்த்தேன். பாடகி, அறிவிப்பாளர், நடிகை, இயக்குநர் என்று நான் தனித்தனியாக எண்ணிக் குறை கண்டதெல்லாம் ஒரே ஆளின் ஒரே உழைப்பு என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. உன்னை அழைக்கத் தொலைபேசியை எடுத்தேன், வைத்துவிட்டேன்.

கிதாரில் மூன்றாவது கம்பி அறுந்திருக்கிறது. நான் மாற்றவில்லை, எந்தக் கம்பி வேண்டுமென்று உனக்குத்தான் தெரியும்.

அக்கா