வால்வு வைத்துக்கொண்டு மலையேறுகிறவர்களுக்காக: சேலத்து இதய மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு வணக்கம்.

என் அப்பாவுக்கு 79 வயது. ஏற்காட்டில் காபி எஸ்டேட் மேஸ்திரியாக இருந்தவர். போன வருஷம் வீட்டு வாசல் படி ஏறவே மூச்சு வாங்கியது. இதயத்தின் பெருந்தமனி வால்வில் சுண்ணாம்பு படிந்து வழி சுருங்கிவிட்டது, நெஞ்சைத் திறக்காமல் தொடை ரத்தக்குழாய் வழியாகவே புது வால்வு வைத்துவிடலாம் என்றார்கள். மறுநாளே எழுந்து நடந்தார். நான்காம் நாள் டிஸ்சார்ஜ். அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி முடிக்கும்வரை கார் கண்ணாடியை இறக்கிவிட்டு மலைக்காற்றை வாங்கிக்கொண்டே வந்தார். அதைச் செய்துகொடுத்தவர்களுக்கு எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது.

எட்டாம் நாள் காலை பல் தேய்க்கப் போனவர் குழாயடியிலேயே சரிந்தார். தண்ணீர் தெளித்ததும் கண் திறந்தார். கையைப் பிடித்து, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து நாடி எண்ணினேன். ஒரு நிமிஷத்துக்கு 34. ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவில், இனி வராதோ என்று ஒவ்வொரு முறையும் பயந்தேன். ஏறிய வளைவுகளிலேயே திரும்ப இறங்கினோம். அன்று மாலையே பேஸ்மேக்கர் வைத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறார்.

அப்புறம்தான் எனக்கு விஷயம் புரிந்தது. இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பைக் கொண்டுபோகும் பாதை அந்த வால்வுக்குச் சற்றுக் கீழேதான் ஓடுகிறது. புது வால்வின் உலோகச் சட்டம் அதை அழுத்தினால் துடிப்பு தடைபடலாம். பெரும்பாலும் முதல் ஓரிரு நாளில் தெரிந்துவிடும். சிலருக்கு வீட்டுக்குப் போன பிறகு வரும். அப்பாவின் இசிஜியில் மாற்றம் இருந்ததாக டிஸ்சார்ஜ் தாளிலேயே ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

எங்களிடம் வாயாலும் சொன்னார்கள். "இசிஜியில சின்னதா ஒரு பிளாக் தெரியுது, அடுத்த செக்கப்ல பார்த்துக்கலாம்" என்றார்கள். ஆனால் நம் ஊரில் பிளாக் என்றால் ரத்தக்குழாய் அடைப்பு. ஆஞ்சியோ எடுத்தபோது பிளாக் எதுவும் இல்லை என்று அவர்களே சொல்லியிருந்தார்கள். அதனால் பெரிதாக ஒன்றும் இல்லை என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டோம். "கரண்ட் போகிற பாதையில் கோளாறு. மயக்கம் வந்தாலோ, நாடி 50-க்குக் கீழே போனாலோ உடனே வாருங்கள்" என்று தமிழில் ஒரு வரி சொல்லியிருந்தால் வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே நான் தினம் நாடி பார்த்திருப்பேன். முந்தின நாளே அப்பா தலை கிறுகிறுக்குது என்றார். வெயில் என்று மோர் கொடுத்தேன்.

சிகிச்சைக்கு முன் நீங்கள் எவ்வளவு பார்க்கிறீர்கள் என்று தெரியும். வால்வு உட்காரும் இடத்தை சிடி ஸ்கேனில் அளந்து அளவு தேர்ந்தெடுப்பது ஓரத்தில் ரத்தம் கசியாமல் இருக்க. தொடையில் ஊசி போடும்போது அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்ப்பது ரத்தக்குழாய் கிழியாமல் இருக்க. ரத்தக்குழாய் படத்தில் தெரிவதற்காக ஏற்றும் சாய மருந்தைச் சிறுநீரகத்துக்காகக் குறைக்கிறீர்கள். இதே கவனம் டிஸ்சார்ஜ் ஆன பிறகும் வேண்டும்.

இதயத்தின் மின்பாதையின் வலது கிளையில் ஏற்கெனவே தடை உள்ளவர்களுக்கு பேஸ்மேக்கர் தேவைப்படும் வாய்ப்பு அதிகம். அதைப் பழைய இசிஜியே காட்டிவிடும், குடும்பத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வால்வு வைத்தபின் இசிஜியில் புதிதாகத் தடை வந்தவர்களை வீட்டுக்கு அனுப்பினாலும் குறைந்தது 14 நாளாவது இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் கருவி மாட்டிக் கண்காணிக்கச் சொல்லி அமெரிக்க இதயவியல் கல்லூரி 2020-லேயே வழிகாட்டியிருக்கிறது. கருவி கிடைக்காவிட்டால், மலைக்காரர்களை ஒரு வாரமாவது சேலத்திலேயே தங்கச் சொல்லுங்கள். அஸ்தம்பட்டியில் இருப்பவர் மயங்கி விழுவதும் நாகலூரில் இருப்பவர் விழுவதும் ஒன்றல்ல. எங்களுக்கு ஆம்புலன்ஸ் ஏறி வர வேண்டும், பிறகு இறங்க வேண்டும். மழையும் பனிமூட்டமும் இருந்தால் இன்னும் தாமதம். தங்கும் செலவு பெரிதுதான், ஆனாலும் காரணம் தெரிந்தால் எப்படியாவது சமாளிப்போம்.

பல்லையும் விட்டுவிடாதீர்கள். சொத்தைப் பல்லிலிருந்தும் வீங்கிய ஈறிலிருந்தும் கிருமி ரத்தத்தில் கலந்து புது வால்வில் போய் உட்காரலாம். அப்பாவுக்கு இரண்டு கடைவாய்ப்பல் சொத்தை. வால்வு வைப்பதற்கு முன் ஒருவரும் வாயைத் திறந்து பார்க்கவில்லை. பிற்பாடு பல் பிடுங்கப் போனபோது அந்தப் பல் டாக்டர்தான் வால்வைப் பற்றி விசாரித்து, முன்னதாகவே ஆன்டிபயாடிக் கொடுத்தார்.

நான் சேலத்தில் ஒரு பள்ளியில் தமிழ் ஆசிரியை. டிஸ்சார்ஜ் தாளோடு கொடுக்க ஒரே ஒரு பக்கம் போதும்: நாடி எப்படி எண்ணுவது, எந்த எண்ணில் பயப்பட வேண்டும், தொடையில் வீக்கமோ ரத்தமோ வந்தால் எங்கே அழுத்துவது, பேச்சு குழறினால் என்ன செய்வது, எந்த மாத்திரையை யாரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது, இரவில் எந்த நம்பருக்கு அழைப்பது. மருத்துவத்தை நீங்கள் சொல்லுங்கள். எங்கள் அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும் புரிகிற தமிழில் நான் எழுதித் தருகிறேன். எழுத்து மட்டும் பெரிதாக இருக்கட்டும், அப்பா கண்ணாடி இல்லாமல் படிக்கிற அளவுக்கு.

இப்படிக்கு,
ஏற்காட்டிலிருந்து ஒரு மகள்