மண்ணின் மேல் ஓரங்குலம்

அல்சூர், பெங்களூரு

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் நேற்று வந்து சேர்ந்தது. முழங்கால் வலி குறைந்து, மும்பை செம்பூர் வீட்டுப் பால்கனித் தொட்டிகளுக்குப் பழையபடி நீயே தண்ணீர் ஊற்றுகிறாய் என்று படித்ததும் மனம் நிறைந்தது. அங்கே ‘அனந்த்’ என்று அழைக்கும் உன் கார்டீனியாவைச் சுற்றிக் கொசுவைவிடச் சிறிய கறுப்பு ஈக்கள் பறப்பதாகவும், மருந்து அடிக்கலாமா என்றும் கேட்டிருந்தாய். அடிக்க வேண்டாம். சென்ற மழைக்காலத்தில் என் அசேலியாப் பூச்செடியோடு நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

அந்த ஈ கடிக்காது, செடியையும் தின்னாது. ஏறக்குறைய ஒரு வாரம் உயிரோடிருந்து, ஈர மண்ணின் மேற்பரப்பில் நூறு முட்டைக்கு மேல்கூட இட்டுவிட்டு மடிந்துவிடும். முட்டையிலிருந்து வரும் புழுதான் பூஞ்சையையும் மட்கிய இலையையும் தின்று, அதோடு நுண்வேரையும் கடிக்கிறது. ஓர் உருளைக்கிழங்கு வில்லையை மண்ணில் படிய வைத்து, இரண்டு நாள் கழித்துப் புரட்டிப் பார். நான் புரட்டியபோது, உள்ளிருக்கும் குடல்கூடத் தெரியும்படி கண்ணாடிபோல் வெளுத்த உடலும் பளபளக்கும் கறுப்புத் தலையுமாக 11 புழுக்கள் நெளிந்தன. எதுவும் அரை சென்டிமீட்டரைத் தாண்டவில்லை.

வேறு செடியானால் மண்ணை நன்றாகக் காயவிட்டாலே தொல்லை தீர்ந்துவிடும். ஆனால் அசேலியா, கார்டீனியா போன்ற அமில மண் செடிகளின் வேர் மயிரிழைபோல மேலாகப் படர்வது. தொட்டி ஒருமுறை வறண்டாலும் மொட்டுகள் உதிர்ந்துவிடும். இந்தச் சிக்கலில்தான் நான் தவறு செய்தேன். அவரைப் பந்தலில் அம்மா அடுப்புச் சாம்பல் தூவியது நினைவுக்கு வர, நானும் இரண்டு கைப்பிடி தூவினேன். சாம்பல் அமிலத்துக்கு எதிரான காரத்தன்மை கொண்டது; இச்செடிகளோ மண்ணின் அமில, காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 4.5-க்கும் 6-க்கும் இடையே இருந்தால்தான் இரும்புச் சத்தை எடுத்துக்கொள்ளும். சில வாரங்களில் இளந்தளிர்கள் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, மற்ற இடமெல்லாம் மஞ்சளாகிவிட்டன. மண்ணை மாற்றி நட்ட பிறகே செடி தேறியது. ஈயைத் தடுக்க மண்ணின் மேல் பளிங்குக் கற்களைப் பரப்பினாலும் இதே கதைதான், அதுவும் சுண்ணாம்பு வகைதானே. கடற்கரை மணலையும் கொண்டுவந்துவிடாதே, அதில் சிப்பித் துகளும் உப்பும் இருக்கும்.

இப்போது நான் மேலிருந்து தண்ணீர் ஊற்றுவதில்லை. தொட்டியை அரை மணி நேரம் தண்ணீர் வாளியில் கால் பாகம் அமிழ்த்தி வைக்கிறேன். அடி மண் உறிஞ்சிக்கொள்கிறது, மேல் ஓரங்குலம் உலர்ந்தே இருக்கிறது, ஈக்கு முட்டையிட இடமில்லை. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின நீர் என்பதால், மொட்டை மாடியில் பிடித்த மழைநீரையே பயன்படுத்துகிறேன். மாதம் ஒருமுறை மட்டும், மேலே தங்கும் உப்பு கழுவப்படுவதற்காக, மேலிருந்து தாராளமாக ஊற்றி முழுவதும் வடியவிடுகிறேன்.

நீ அமிலத்துக்காகப் போடும் டீத்தூள் சக்கையை இன்றே வழித்தெடுத்துவிடு. ஈரமான சக்கையில் பூஞ்சை படரும். பூஞ்சைதான் அந்தப் புழுவுக்கு விருந்து. பறப்பவற்றைப் பிடிக்க, மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவி மண்ணோடு ஒட்டினாற்போல் செருகி வை. புழு நிறைய இருந்தால், கொசுப் புழுவை அழிக்கப் பயன்படும் பி.டி.ஐ. என்னும் பாக்டீரியாத் தூளைத் தண்ணீரில் கலந்து, வாரம் ஒருமுறை ஊற்று. கடையில் பாக்கெட்டின் மேல் ‘இஸ்ரேலென்சிஸ்’ என்றிருக்கிறதா என்று பார்த்து வாங்கு, ஏனென்றால் ‘குர்ஸ்டாகி’ என்ற மற்றொரு வகை இலை தின்னும் கம்பளிப்பூச்சிகளுக்கானது, இந்தப் புழுவை ஒன்றும் செய்யாது. முட்டை ஈயாக மாற 3 முதல் 4 வாரம் ஆகும் என்பதால், இரண்டாம் வாரத்தில் ஈ குறைந்துவிட்டது என்று நிறுத்திவிடாதே.

ஜனவரியில் லால்பாக் மலர்க் கண்காட்சிக்கு வருவதாக எழுதியிருந்தாய். இந்த வாரமே உருளைக்கிழங்கு வில்லையை வைத்துப் பார்த்து, எத்தனை புழு இருந்தன என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் பழைய தோழி