80ஜி இருந்தால் போதுமா?

ஆசிரியருக்கு,

போன மாதம் ஒரு அறக்கட்டளையின் பெயரில் இருவர் நன்கொடை கேட்டு வீட்டுக்கு வந்தார்கள். ரசீதில் '80ஜி உண்டு', அதாவது நன்கொடைக்கு வருமான வரிச்சலுகை உண்டு, என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. சரி, தணிக்கை அறிக்கை இருக்கிறதா என்றேன். லேமினேட் செய்த குழந்தைகள் படத்தை நீட்டினார்கள்.

80ஜி என்பது நன்கொடை கொடுப்பவருக்கான வரிச்சலுகை. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அதுவும் கிடையாது. வாங்குபவர் தொண்டுதான் செய்கிறார் என்பதற்கு அது சாட்சியாகாது. வரிவிலக்கு பெறும் அறக்கட்டளை பொதுவாக வருமானத்தில் 85 சதவீதத்தையாவது தன் நோக்கத்துக்குச் செலவிட வேண்டும். அதைக் கணக்கில்தானே பார்க்க முடியும்? கல்வி அறக்கட்டளை கல்விக்காக மட்டுமே இயங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2022-ல் கறாராகச் சொன்னது.

'அறிக்கையை நாளைக்கே கொண்டுவருகிறோம் சார்' என்று போனவர்கள் இன்னும் வரவில்லை.

- ஒரு வாசகர், மதுரை