எழுத்தே இல்லாத கீபோர்டு

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. பையன் 16,000 ரூபாய் கொடுத்து ஒரு கீபோர்டு வாங்கியிருக்கிறான், அதில் பேருக்குக்கூட ஓர் எழுத்து அச்சடிக்கவில்லை என்று நீ தலையில் அடித்துக்கொண்டதைப் படித்துச் சிரித்தேன். அவனை யாரும் ஏமாற்றவில்லையப்பா. அவர்கள் வட்டாரத்தில் அதுதான் கெத்து. கையில் காசு இருந்தால் காரும் வாட்சும் யாரும் வாங்கிவிடலாம். இதை வாங்கினாலும் விரல் பழகாதவன் ஒரு வரி அடிக்க முடியாது. பெருமையே அதில்தான்.

இது முதலில் பந்தாவுக்காக வந்ததும் இல்லை. கம்பெனிக்குக் கம்பெனி கீகளின் இடம் மாறிக்கொண்டே இருந்ததில் சலித்துப்போன டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் எயிச்சி வாடா சொன்ன யோசனையை வைத்து, பிஎஃப்யூ என்ற ஜப்பான் நிறுவனம் 1996இல் ‘ஹாப்பி ஹேக்கிங் கீபோர்டு’ கொண்டுவந்தது. மொத்தம் 60 கீ. கேப்ஸ் லாக் இருக்கிற இடத்தில் கன்ட்ரோல். யூனிக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தில் நாள் முழுக்க கன்ட்ரோலை அமுக்குகிறவனுக்குச் சுண்டுவிரல் பிழைத்தது. அம்புக்குறிக்குத் தனிக் கீ கிடையாது; ஃபங்ஷன் கீயோடு அரைப்புள்ளிக் கீயைத் தட்டினால் இடப்பக்கம் போகும். எழுத்தில்லாத மாடல் பிறகு வந்தது.

சொல்லப்போனால் நமக்கு இது புதுசா? டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் கீயைப் பார்த்தால் ஸ்கேலால் அடி விழும். இன்றைக்கும் தமிழ்99 என்ற தமிழ் கீபோர்டு முறையில் அடிக்கிறவர்கள் ஆங்கில எழுத்து அச்சிட்ட கீயின் மேல்தான் தமிழை அடிக்கிறார்கள். அவர்களுக்கு எல்லாக் கீபோர்டும் எழுத்தில்லாத கீபோர்டுதான். அவர்களை யாரும் கெத்து என்று சொன்னதாகத் தெரியவில்லை!

அடுத்த ஞாயிறு ஒவ்வொரு கீயின் அடியிலும் இருக்கிற சுவிட்சைப் பிரித்து, உரசாமல் இறங்க கிரீஸ் போடப்போகிறான், நீயும் கூட உட்காரப்போகிறாய் என்று எழுதியிருந்தாய். அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் சுவிட்ச் எந்த வகை என்று பார். அமுக்கும்போது ‘க்ளிக்’ என்று சத்தம் போடுகிற வகை என்றால் கிரீஸ் பக்கமே போக வேண்டாம்; அந்தச் சத்தம் செத்துவிடும். நேராக இறங்குகிற வகை என்றால் கிரைடாக்ஸ் 205, கிரேடு 0 என்ற கிரீஸ். வெள்ளையாக, கெட்டியாக இருக்கும். 5 கிராம் டப்பா ஒரு கீபோர்டுக்குத் தாராளம். ஒரு சுவிட்சில் ஐந்து பாகம்: மேல் மூடி, கீழ்க் கூடு, தண்டு, ஸ்பிரிங், செப்புத் தகடு. 0 நம்பர் பிரஷ்ஷைக் கிரீஸில் தொட்டு, டப்பா விளிம்பில் வழித்துவிட்டு, கீழ்க் கூட்டின் இரண்டு பக்கத் தடங்களிலும் தண்டின் பக்கங்களிலும் பூச வேண்டும். பளபளப்பு தெரிந்தால் போதும். வெள்ளை தெரிந்தால் அதிகம். அதிகமானால் கீ சேற்றில் கால் வைத்த மாதிரி மெதுவாக எழும். செப்புத் தகட்டைத் தொடவே கூடாது. நடுவில் சின்ன முட்டு தட்டுப்படுகிற வகை என்றால் தண்டின் இரண்டு கால்களையும் விட்டுவிடுங்கள். அந்தக் கால் தகட்டில் உரசுவதுதான் முட்டு. அங்கே கிரீஸ் பட்டால் கொடுத்த காசு வழுக்கிக்கொண்டு போய்விடும். ஸ்பிரிங்குகளை மட்டும் ஒரு ஜிப் பையில் மொத்தமாகப் போட்டு, கிரைடாக்ஸ் 105 எண்ணெய் சில சொட்டு விட்டுக் குலுக்கினால் வேலை முடிந்தது.

87 சுவிட்சையும் ஒரே மூச்சில் செய்யவிடாதே. ஐந்து செய்து, மாட்டி, தட்டிப் பார்த்துவிட்டு மேலே போகட்டும். கை பழகினாலும் ஒன்றுக்கு இரண்டு நிமிஷம் ஆகும், மூன்று மணி நேர வேலை.

திரும்ப மாட்டும்போதுதான் பாதிப் பேர் கெடுத்துக்கொள்கிறார்கள். சுவிட்சின் அடியில் இரண்டு செப்புக் கால் உண்டு. சாய்வாக அமுக்கினால் ஒன்று மடங்கிக்கொள்ளும், அந்தக் கீ வேலை செய்யாது. போர்டு போய்விட்டது என்று பதறாதீர்கள்; கழற்றி, ட்வீசரால் நிமிர்த்தினால் சரியாகிவிடும். அமுக்கும்போது போர்டின் பின்பக்கம் விரலால் தாங்கிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அந்தக் கால்கள் செருகுகிற சாக்கெட் பெயர்ந்துவிடும், அப்புறம் சால்டரிங் அயர்னைத் தேட வேண்டியதுதான்.

உண்மையில் கேட்கிறவன் காதுக்கு வித்தியாசம் தெரிவது, நீளமான கீ சாயாமல் தாங்குகிற ஸ்டெபிலைசரில். ஸ்பேஸ் பார், எண்டர், ஷிஃப்ட், பேக்ஸ்பேஸ் இந்த நாலுக்கும் அடியில் ஒரு கம்பி ஓடும். கடகடவென்று ஆடுகிற சத்தம் அதிலிருந்துதான் வருகிறது. கம்பியைக் கழற்றிக் கண்ணாடி மேல் வைத்து ஒரு முனையை அமுக்கிப் பார். மறுமுனை தூக்கினால் வளைந்திருக்கிறது. கையாலேயே நிமிர்த்திவிட்டு, கம்பி முனைகளில் டை எலக்ட்ரிக் கிரீஸ் வைத்து மாட்டுங்கள். கிரீஸ் போட நேரமே இல்லையென்றாலும் இதைச் செய்யாமல் விடாதீர்கள்.

கீகேப், அதாவது விரல் படுகிற மேல் மூடி விஷயத்தில் ஒரு வேடிக்கை. ஜெர்மனியின் ஜிஎம்கே கம்பெனி கீகேப் செட்டுக்கு முதலில் பணம் கட்டிவிட்டு, மாதக்கணக்கில் காத்திருந்து 100 டாலருக்கு மேல் கொடுத்து வாங்குகிறார்கள். அது ஏபிஎஸ் பிளாஸ்டிக். எழுத்து அழியாது, நிறம் அற்புதமாக இருக்கும். ஆனால் விரல் பட்டுப் பட்டு வழவழவென்று மின்னத் தொடங்கிவிடும். பாதி விலைக்கும் கீழே கிடைக்கிற பிபிடி என்ற வேறு பிளாஸ்டிக் அவ்வளவு சீக்கிரம் மின்னாது. மலிவான பிபிடியில் ஸ்பேஸ் பார் வளைந்து வருவதுண்டு, அதையும் கண்ணாடி மேல் வைத்துப் பார்த்து வாங்கினால் சரி. கீபோர்டின் அடியில் பதிக்கிற பித்தளைக் கட்டி? கனத்துக்கும் கண்ணுக்கும்தான். அது சுத்தப் பந்தா.

கடைசியாக ஒன்று. எழுத்தில்லாத கீபோர்டில் ஜோராக அடிக்கிறவனும் தடுமாறுவது எண் வரிசையில்தான், அதுவும் பாஸ்வேர்டு போடும்போது. நட்சத்திரக் குறி (*) 8இன் மேலா, 9இன் மேலா? திரையில் புள்ளி மட்டும்தானே தெரியும். பையனைக் கேட்டுப் பார், என்ன சொன்னான் என்று எழுது.

அன்புடன்,
மணி